இருக்கிறதா, இல்லையா? – நூலகர் பதில்கள்

இந்த மாதக் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: கணினி, கியூ.ஆர். குறியீடு, வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், போதாக்குறைக்குச் செயற்கை நுண்ணறிவு. முன்பெல்லாம் 'நான் தேடும் போட்டித் தேர்வுப் புத்தகத்தை யாரோ சமையல் நூல்களுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள்' என்ற புகார்தான் இந்தப் பக்கத்துக்கு அதிகம் வரும். அதற்கு இன்றுவரை எந்தத் தொழில்நுட்பமும் தீர்வு கண்டுபிடிக்கவில்லை. மற்றவற்றைப் பார்ப்போம்.

எங்கள் கிளை நூலகத்துக்காக வாசகர் வட்டம் சார்பில் நன்கொடை திரட்டியிருக்கிறோம். ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வாசலில் தொடுதிரை வைக்கலாம் என்கிறது ஒரு தரப்பு. புத்தகத்தில் ஒட்டிய சில்லை ரேடியோ அலையால் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. உங்கள் ஓட்டு யாருக்கு?
– வாசகர் வட்டத் தலைவர், பேராவூரணி

இரண்டு தரப்புக்கும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு நூலகத்தில் திறப்பு விழாவோடு வந்த தொடுதிரை ஒன்று உண்டு. அதைப் பராமரிக்கும் ஒப்பந்தம் முடிந்ததும் அணைந்தது. இப்போது அதன் தலையில் பழைய வார இதழ்கள் கட்டுக்கட்டாக உட்கார்ந்திருக்கின்றன. திறந்துவைத்தவரின் பெயர்ப் பலகை மட்டும் பளபளப்பாக இருக்கிறது.

ஆர்.எஃப்.ஐ.டி. நல்ல ஏற்பாடுதான். புத்தகத்தைத் திறக்காமலே, ஒரு கட்டாக மேசையில் வைத்து, இரவல் பதிவு செய்துவிடலாம். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் 1998-இலேயே அது வந்துவிட்டது. உலகத்தில் மிக முன்னதாக இதைச் செய்த பொது நூலகங்களில் அது ஒன்று. அங்கே இரவல் வாங்குவோர் வரிசை நீண்டுகொண்டே போனது, அதைக் குறைக்க வழி தேடினார்கள். உங்கள் நூலகத்தில் அப்படியொரு வரிசை நிற்கிறதா? நிற்கட்டும், அப்போது பேசுவோம்.

உங்கள் பணம் போக வேண்டிய இடம் நூற்பட்டியல். வீட்டில் இருக்கும் ஒருவர் கைபேசியில் பார்த்து, 'இந்தப் புத்தகம் நம் நூலகத்தில் இருக்கிறது, இன்று இரவலில் போகவில்லை' என்று தெரிந்துகொண்டு கிளம்ப முடிய வேண்டும். அது இல்லாத நூலகத்தில் மற்ற எல்லாம் அலங்காரம்.

ஒரு சுமாரான கணினி, ஒரு பார்கோடு வாசிப்பான், ஒட்டுத்தாள் சுருள்கள், இணைய இணைப்பு, பதிவு செய்து கொடுக்கிற இரண்டு படித்த பிள்ளைகளுக்கு நியாயமான கூலி. இவ்வளவுதான் செலவு. மென்பொருளுக்குச் செலவே இல்லை. கோஹா என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற வட்டாரத்தின் நூலகம், தன் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் கவிழ்ந்துவிடும் என்று பயந்து, புதிதாக இதை எழுதச் சொல்லி வாங்கியது. 2000 ஜனவரியில் அதை இயக்கினார்கள்; பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் முதல் சின்னப் பள்ளிகள் வரை இன்று அதில் ஓடுகின்றன. சின்ன ஊரின் அவசரத்தில் பிறந்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

ஒரு எச்சரிக்கை. உங்களுடையது பொது நூலகத் துறையின் கிளை என்றால், தனியாக ஒரு மென்பொருளை நிறுவிக்கொண்டு உட்காராதீர்கள். மாவட்ட நூலக அலுவலரைப் பார்த்து, துறை எதைப் பயன்படுத்துகிறது, நீங்கள் செய்யும் பதிவு அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருட உழைப்பை யாரோ ஒருவர் மாற்றலாகி வந்து மூட்டை கட்டுவார்.

இன்னொன்று: நூலகத்துக்கு வந்த புத்தகங்களை வரிசை எண்ணோடு எழுதிவைக்கும் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துப் பதியாதீர்கள். அலமாரியைப் பார்த்துப் பதியுங்கள். பதிவேட்டில் இருக்கும் புத்தகங்களில் ஒரு பகுதி எப்போதோ யார் வீட்டுப் பரணிலோ குடியேறிவிட்டிருக்கும். கையில் புத்தகம் இருந்தால்தான் பதிவு. பார்கோடு ஒட்டுத்தாளை மேலட்டையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பைண்டிங்குக்குப் போய் வரும்போது அட்டையோடு அதுவும் போய்விடும். தலைப்புப் பக்கத்தின் பின்புறம், சேர்க்கை எண் எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. ஏன் இரண்டு விரல் என்றால், பைண்டர் ஓரம் சீவுவார்.

எங்கள் நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றியாகிவிட்டது. ஆனால் அலமாரியில் கண்ணெதிரே இருக்கும் புத்தகத்தைத் தேடினால் 'இல்லை' என்று வருகிறது. வாசகர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்வது?
– மூன்றாம் நிலை நூலகர், விழுப்புரம் மாவட்டம்

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பக்கத்தில் பாதியைக் கொடுக்கலாம். தமிழ் நூற்பட்டியலின் உண்மையான நோய் இதுதான். யாரும் மேடையில் பேசுவதில்லை.

நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். தேடல் பெட்டியில் எழுத்தாளர் பெயரான 'மௌனி'யை அடியுங்கள். வரவில்லை என்றால் 'மெளனி' என்று அடித்துப் பாருங்கள். வந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் எகரக் கொம்பு போட்டு, ம எழுதி, பக்கத்தில் 'ள' என்ற முழு எழுத்தைச் சேர்த்திருக்கிறார்கள். பதிவு செய்தவரின் விரல் எது சுலபமோ அதை அடித்துவிட்டது. ஔவையாருக்கும் இதே கதி: ஔவை, ஒளவை, அவ்வை என்று மூன்று கிழவிகள் உங்கள் பட்டியலில் உலாவிக்கொண்டிருப்பார்கள். கௌதமன், கௌரி, சௌந்தரா எல்லோரும் இந்த நோயில் விழுந்தவர்கள்.

சரி, 'ெள' வருகிற இடத்தை எல்லாம் ஒரே சொடுக்கில் 'ௌ' என்று மாற்றிவிடலாமே என்று ஒரு கணினிப் பையன் சொல்வான். விடாதீர்கள். வெள்ளம், தெளிவு, வெளி, கெளுத்தி மீன் எல்லாம் நாசமாகிவிடும். பட்டியலைத் தனியே எடுத்து, அப்படி வரும் சொற்களை மட்டும் அகரவரிசையில் நிறுத்தி, தமிழ் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். உட்கார்ந்தால் முடிகிற வேலைதான்.

இதே ரகத்தில் இன்னும் சில. 'எ' என்ற எழுத்துக்குப் பதிலாக ஏழு என்ற தமிழ் எண் '௭'. 'உ'-வுக்குப் பதிலாக இரண்டு என்ற எண் '௨'. 'ா' என்ற காலுக்குப் பதில் 'ர'. இவை பெரும்பாலும் பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றியபோதும், அச்சுப் பக்கத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கியபோதும் நுழைந்தவை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறை வருவதற்கு முன் ஒவ்வொரு அலுவலகமும் ஒரு எழுத்துருவை வைத்திருந்தது. பாமினியில் அடித்த பட்டியலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ சாபம் போலத் தெரியும். அப்படி ஒரு கோப்பு உங்கள் பழைய கணினியில் கிடந்தால் அழித்துவிடாதீர்கள். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; பாதி வேலை ஏற்கெனவே முடிந்த மாதிரி.

அடுத்தது பெயர். கி.ராஜநாராயணன், கி. ராஜநாராயணன், ராஜநாராயணன் கி., கி.ரா. – நான்கும் ஒருவர்தான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்று தேடுகிறவர் குறைவு. ஆனால் சுஜாதாவை ரங்கராஜன் என்று பதிந்துவைத்த நூலகம் உண்டு. நூற்பட்டியலை அட்டைகளில் எழுதிப் பெட்டியில் அடுக்கிய காலத்தில் இதற்கு 'காண்க' அட்டை வைத்திருந்தோம்: 'விருத்தாசலம், சொ. – காண்க: புதுமைப்பித்தன்'. அதையே கணினியில் செய்ய வேண்டும். ஒரு பெயர் தலைமைப் பெயர். மற்றவை எல்லாம் அதற்கு வழி சொல்லும் பெயர்கள். கோஹாவில் இதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நம் ஊரில் அதைத் திறந்து பார்த்தவர்கள் சொற்பம். கூடவே, நிறுவுபவரிடம் ஐ.சி.யூ. என்ற அட்டவணை முறையை இயக்கச் சொல்லுங்கள். மருத்துவமனை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை ஒழுங்காகப் பிரித்துத் தேட அது தேவை.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். 'இல்லை' என்று பதில் வந்த தேடல்களை வாசகர்களிடமே கேட்டு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். எதைத் திருத்த வேண்டும், எந்தப் புத்தகம் வாங்க வேண்டும் என்ற இரண்டு பட்டியல்கள் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

நூலகத்தில் இலவச வைஃபை இருந்தால் மாணவர்கள் படிக்காமல் படம்தானே பார்ப்பார்கள்?
– பெற்றோர், நாமக்கல்

சிலர் பார்ப்பார்கள். முன்பு செய்தித்தாளுக்குள் சினிமா இதழை வைத்துப் படித்தார்கள். அப்போது யாரும் செய்தித்தாளை நிறுத்தச் சொல்லவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வைஃபையைவிட அதிகமாகக் கேட்பது மின்செருகி. ஒரு மேசைக்கு இரண்டு வைத்துக் கொடுங்கள்.

கிளை நூலகத்துக்கு முகநூல் பக்கமும் இன்ஸ்டாகிராம் கணக்கும் தொடங்கினேன். ஓராண்டாகப் படம் போடுகிறேன். விருப்பக்குறி போடுகிறவர்கள் என் தம்பியும் அவன் நண்பர்களும்தான். எங்கே தவறு? வாட்ஸ்அப் குழுவும் தொடங்கலாமா?
– பெண் நூலகர், தேனி மாவட்டம்

உங்கள் பக்கத்தைப் பார்த்தேன் அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள். பொன்னாடை போர்த்துகிறவர், போர்த்தப்படுகிறவர், நடுவில் பூங்கொத்து. அடுத்த படம், அதே மூவர், வேறு பொன்னாடை. ஒரு புத்தகத்தின் முகம்கூட இல்லை. விழாவுக்கு வந்தவர்கள் அதைப் பார்ப்பார்கள். வராதவர் எதற்குப் பார்க்க வேண்டும்?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி என்று தீவுக் கூட்டம் இருக்கிறது. ஆள்தொகை நம் ஊர் ஒரு நடுத்தர நகராட்சி அளவுகூட வராது. அங்கே கிர்க்வால் ஊரிலுள்ள நூலகத்தின் ட்விட்டர் (இப்போது எக்ஸ்) கணக்குக்கு உலகமெங்கும் ரசிகர்கள் சேர்ந்தார்கள். விளம்பர நிறுவனம் எதுவும் இல்லை. குளிர், கேக், பக்கத்துத் தீவான ஷெட்லாந்தின் நூலகத்தோடு வாய்ச்சண்டை, அன்று மேசைக்கு வந்த விசித்திரக் கேள்வி. இதையெல்லாம் ஒரு மனிதர் எழுதுவதுபோல் எழுதினார்கள். ஹாரி பாட்டர் எழுதிய ஜே.கே. ரோலிங் அதில் பேச்சுக் கொடுத்து, 2014-இல் அவர்களுடைய வாசிப்புக் குழுக் கூட்டத்துக்கே போய் உட்கார்ந்தார். நாம் அவர்களின் நகைச்சுவையைக் காப்பியடிக்க வேண்டாம். இரவல் மேசையில் உட்கார்ந்திருப்பவரே எழுதினார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் மேசையில் என்ன நடக்கிறது? இன்று மாலை திரும்பி வந்த புத்தகங்கள் ஒரு அடுக்கு இருக்கும். மேலே இருப்பதைப் படம் எடுங்கள். அட்டை, முதல் இரண்டு வரி, அலமாரி எண், 'இப்போது உள்ளே இருக்கிறது'. போதும். இன்னொரு நாள் ஒரு புத்தகத்தின் தேதித் தாளைப் படம் எடுங்கள். கடைசி முத்திரை 2009 என்று இருக்கும். 'இவரைப் பார்க்க யாரும் வந்து வெகுநாளாகிறது' என்று போடுங்கள். மறுநாள் யாராவது வந்து கேட்பார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டு போனதும், புது முத்திரையோடு அதே தேதித் தாளை மறுபடி போடுங்கள். வாங்கியவர் பெயர் மட்டும் வேண்டாம். யார் எதைப் படிக்கிறார் என்பது ஊருக்குச் சொல்கிற விஷயமில்லை.

விருப்பக்குறியை எண்ணாதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்து 'அந்தப் புத்தகம் இருக்கிறதா' என்று கேட்டவர்களை எண்ணுங்கள். அப்படி ஒருவர் கேட்டால் அன்றைய வேலை நடந்துவிட்டது. யாராவது கீழே ஏதாவது கேட்டிருந்தால் மறுநாளைக்குள் பதில் சொல்லுங்கள். பதில் வராத பக்கம் பூட்டிய கதவு.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கூகுள் வரைபடத்தில் உங்கள் நூலகத்தைத் தேடுங்கள். நேரம் சரியாக இருக்கிறதா? பல கிளை நூலகங்களுக்கு ஞாயிறு விடுமுறை, வெள்ளி திறந்திருக்கும் என்று போட்டிருக்கிறது. நம் நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்று தெரியாமல் பஸ் பிடித்து வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! அந்த ஒரு வரியைத் திருத்துவது பத்து இன்ஸ்டாகிராம் படத்துக்குச் சமம்.

வாட்ஸ்அப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குழு வேண்டாம், சேனல் தொடங்குங்கள். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண் வாசகர்கள் சங்கடப்பட்டு விலகுவார்கள். தவிர, காலை ஆறு மணிக்குத் தாமரைப்பூவோடு வணக்கம் சொல்கிறவர்களை உங்களால் தடுக்க முடியாது. நான் முயன்று பார்க்கவும் மாட்டேன்.

கோடை முகாமில் கதை கேட்டுக்கொண்டிருந்த என் மகளின் முகம் நூலகத்தின் இணையப் பக்கத்தில் பெரிதாக வந்திருக்கிறது. எங்களைக் கேட்கவில்லை. சொன்னால் 'பெருமைதானே' என்கிறார்கள்.
– தாய், திருச்சி

நீங்கள் சொல்வதுதான் சரி. படத்தை நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், நீக்குவதுதான் முறை. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களைப் பற்றிய தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

நூலகர்களுக்கு: முகாமுக்குப் பெயர் பதியும் தாளிலேயே 'படம் வெளியிடலாம் / வேண்டாம்' என்று ஒரு வரி சேருங்கள். வேண்டாம் என்று குறித்த பிள்ளையைக் கடைசி வரிசைக்குத் தள்ளாதீர்கள். பின்னாலிருந்து எடுத்தால் பிரச்சினையே இல்லை. கதை சொல்கிறவர் முகமும், குழந்தைகளின் பின்னந்தலைகளும், ரிப்பன்களும். அதுவே அழகான படம்.

எங்கள் டெலிகிராம் குழுவில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் புத்தகங்களைப் பி.டி.எஃப். வடிவில் பகிர்கிறோம். காசு வாங்குவதில்லை. இதுவும் நூலகச் சேவைதானே?
– 'புத்தக நேசன்', சென்னை

இல்லை. பெயரைச் சொல்லாமல் எழுதியிருப்பதிலேயே உங்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

நூலகம் ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கி, ஒருவருக்குப் பின் ஒருவராகக் கொடுக்கிறது. நீங்கள் ஒரு பிரதியை ஒரே இரவில் ஐயாயிரமாக்குகிறீர்கள். தமிழில் ஒரு நாவல் ஐந்நூறு பிரதி போவதே பெரும்பாடு என்று பதிப்பாளர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் கைவைப்பது சேவையாகாது.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த பின் 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. 1964-இல் மறைந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. வணிக நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் அச்சில் இருக்கிற நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவிலும் சேமித்து வைக்கலாம் என்று 2012 திருத்தம் அனுமதிக்கிறது. சேமிக்கலாம் என்றுதான் இருக்கிறது. ஊருக்கு அனுப்பலாம் என்று இல்லை.

பகிர்ந்தே தீர வேண்டும் என்று கை பரபரத்தால் அதற்கும் இடம் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய பதிப்புகள் கொட்டிக்கிடக்கின்றன. பாரதி, பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் பட்டியல் நீளமானது. இவற்றின் இணைப்புகளைப் பகிருங்கள். நாட்டுடைமை நூல் என்றாலும், அண்மைப் பதிப்பில் ஒருவர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை. அந்தப் பதிப்பை அப்படியே படம் பிடிக்காதீர்கள்.

எங்கள் சனசமூக நிலையத்தில் 1960, 70-களின் சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இளைஞர்கள் கைபேசியால் படம் எடுத்து இணையத்தில் போடலாம் என்கிறார்கள். போடலாமோ?
– நிலையத் தலைவர், யாழ்ப்பாணம், வடமராட்சி

ஐயா, 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்த ஊர் உங்களுடையது. ஒரே ஒரு பிரதியாக ஒரு பெட்டிக்குள் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே படம் எடுங்கள். ஆனால் உங்கள் நிலையத்துக்கென்று தனியாக ஒரு முகநூல் பக்கத்தில் போட்டுவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். அது மூன்று வருடத்தில் யாருக்கும் அகப்படாது. 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்ற திட்டத்தாரிடம் முதலில் பேசுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைப்பதே அவர்கள் வேலை. எந்த இதழ் ஏற்கெனவே ஏறிவிட்டது, எது இல்லை என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இருப்பதையே மறுபடி எடுத்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எடுக்கும் முறை: முடிந்தால் ஸ்கேனர், ஓர் அங்குலத்துக்குக் குறைந்தது 300 புள்ளி அடர்த்தி. கைபேசிதான் என்றால், யன்னலோரம், நேர் வெயில் படாத இடம், பிளாஷ் வேண்டாம். பக்கத்தின் மேல் சுத்தமான கண்ணாடித் தகடு வைத்தால் சுருக்கம் போகும். கைபேசியைக் கையில் பிடிக்காமல் ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். இதழைத் தைத்திருக்கும் துருப்பிடித்த கம்பியை இழுத்து எடுக்க வேண்டாம். தாள் கூடவே வரும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுகிறவரை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

விளம்பரப் பக்கங்களையும் விடாமல் எடுங்கள். ஊரில் என்ன கடை இருந்தது, சைக்கிள் என்ன விலை என்று நாளை ஒருவர் தேடி வருவார். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது இதழ், ஆண்டு, மாதம், பக்கம் என்ற வரிசை. இலங்கையில் உரிமைக் காலம் எழுதியவர் மறைந்த பின் 70 ஆண்டுகள் என்பதால், வெளியிடும் முன் எழுதியவர் அல்லது குடும்பத்தாரின் அனுமதியை ஒரு தாளில் வாங்கிவிடுங்கள். ஊரில் கேட்டால் மறுக்கமாட்டார்கள். படம் எடுத்து முடிந்ததும் பெட்டியைப் பழைய தாள் கடையில் போட்டுவிடாதீர்கள், மூலம் மூலம்தான்.

எல்லாம் கணினியில் வந்துவிட்டது. தடித்தடியான சேர்க்கைப் பதிவேடுகள் இடத்தை அடைக்கின்றன. கழித்துவிடலாமா?
– கல்லூரி நூலகர், கோவை

பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் ஒரு காலை விழித்தபோது அதன் கணினிகள் எல்லாம் பூட்டப்பட்டிருந்தன. ரைசிடா என்ற இணையத் திருட்டுக் கும்பலின் வேலை. பணம் கேட்டார்கள், நூலகம் கொடுக்கவில்லை, திருடிய தரவை இருட்டு இணையத்தில் கொட்டிவிட்டார்கள். இணையப் பட்டியல் ஜனவரி 2024 வரை இல்லை. வந்தபோதும் தேடிப் பார்க்க மட்டும்தான் முடிந்தது. பிறகு அந்த நூலகமே ஒரு அறிக்கை வெளியிட்டு, தங்கள் பழைய மென்பொருள்கள் மீட்பை எவ்வளவு கடினமாக்கின என்று ஒளிக்காமல் சொன்னது. இவ்வளவு பெரிய நூலகம் அப்படிச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பதிவேட்டைக் கழிக்காதீர்கள். பட்டியலின் நகலை வாரம் ஒரு முறை ஒரு வெளி வன்தட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி, வேறு கட்டடத்தில் வையுங்கள். கணினியில் செருகியே வைத்திருக்கும் நகல் நகலாகாது. பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான்.

எனக்கு 74 வயது. முன்பு மேசையில் இருந்த அம்மையாரிடம் கதையின் ஒரு வரியைச் சொன்னால் புத்தகத்தை எடுத்துத் தருவார். இப்போது 'கணினியில் தேடுங்கள்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டால் பயம்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

'கணினியில் தேடுங்கள்' என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்க்கிற நூலகரிடம், இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனின் நான்காவது விதியை நினைவுபடுத்துங்கள் ஐயா. வாசகரின் நேரத்தைச் சேமி. 1931-இல் எழுதியது. நூலகரின் நேரத்தைச் சேமி என்று அவர் எழுதவில்லை. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் நூலகம் கட்டிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வண்டியோடு ஒரு ஆளும் போனார். வண்டியை மட்டும் அவிழ்த்துவிட்டு 'தேடிக்கொள்ளுங்கள்' என்று யாரும் சொல்லவில்லை.

உங்கள் மாவட்டத்தில் நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நூலகம் வர இயலாதவர்களுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டுவருவார்கள். அந்தக் கதையின் ஒரு வரியை எனக்கும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து யோசிக்கிறோம்.

நூலகத்துக்கு வாங்கப் புதிய தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருபது பரிந்துரைக்கும்படி செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். ஆசிரியர், பதிப்பகம், விலை எல்லாம் போட்டு அழகான பட்டியல் தந்தது. அப்படியே ஆர்டர் கொடுக்கலாமா?
– பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர், கடலூர்

பட்டியலைப் பார்த்தேன் தம்பி. ஐந்தாவது புத்தகத்தை எழுதியதாகப் போட்டிருக்கும் ஆசிரியர், அந்தப் பதிப்பகம் தொடங்கப்படுவதற்கு முன்பே காலமானவர். எட்டாவது தலைப்பு மிக நன்றாக இருக்கிறது. யாராவது எழுதினால் நானே வாங்குவேன். இல்லாத புத்தகத்தைச் சங்கடமே இல்லாமல் சொல்வது இந்தக் கருவிகளின் சுபாவம். தமிழ் என்று வந்துவிட்டால் கற்பனை இன்னும் தாராளம்.

அறிவிப்புப் பலகைக்கு ஒரு வரைவு எழுதவோ, ஆங்கிலக் கடிதத்தைத் திருத்தவோ தாராளமாகப் பயன்படுத்துங்கள். புத்தகத் தேர்வுக்கு வேண்டாம். ஒவ்வொரு தலைப்பையும் பதிப்பகத்தின் விலைப்பட்டியலில் சரிபார்த்து, இருப்பதை மட்டும் டிக் செய்யுங்கள். இருபதில் எத்தனை தேறியது என்று அடுத்த மாதம் எழுதுங்கள், போடுகிறேன்.